விடும் நேரம்: மூன்று நிலை பஃபர்களும் இன்வெர்ட்டர்களும்

இன்டெல் 8085 சில்லுக்கு 40 கால்கள். முகவரிக்கு 16, டேட்டாவுக்கு 8 என்று தனித்தனியே கொடுத்தால் 24 கால்கள் அங்கேயே போய்விடும். அதனால் முகவரியின் கீழ் 8 பிட்டும் டேட்டாவின் 8 பிட்டும் ஒரே கால்களை நேரம் பிரித்துப் பயன்படுத்துகின்றன. 1976-ல் வந்த இந்தச் சில்லைப் புதுச்சேரியில் மின்னணுவியல் படித்த பல தலைமுறையினர் ட்ரெய்னர் கிட்டின் ஹெக்ஸ் விசைகளைத் தட்டித்தான் கற்றார்கள். பிள்ளைச்சாவடியில் 1984-ல் தொடங்கி 2020-ல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக மாறிய பொறியியல் கல்லூரியின் பழைய மாணவரைக் கேட்டாலும், இலாசுப்பேட்டை மோதிலால் நேரு பாலிடெக்னிக்கில் பட்டயம் முடித்தவரைக் கேட்டாலும் 373, 244, 245 என்ற சில்லு எண்களைத் தயங்காமல் சொல்வார்கள். அந்தச் சில்லுகள் எல்லாவற்றையும் இணைப்பது, 0, 1 தவிர அவற்றின் வெளியீட்டுக்குள்ள மூன்றாம் நிலை.

பாடநூல் அதை ஒரு வரியில் முடித்துவிடுகிறது. எனேபிள் இருந்தால் 0 அல்லது 1, இல்லாவிட்டால் இசட். உண்மை அட்டவணையில் இசட்டுக்கும் ஒரு கட்டம் கிடைப்பதால், அது 0, 1-க்கு அடுத்த மூன்றாவது மதிப்பு என்றே மாணவர் நினைக்கிறார். ஒரு கோட்டின் மீதான பிடியை அந்தச் சில்லு விட்டுவிட்டது என்பது மட்டுமே இசட்டுக்குப் பொருள். கோடு அப்போது எந்த மின்னழுத்தத்தில் இருக்கிறது என்பதை வேறு யாரோ முடிவு செய்கிறார்கள், அல்லது யாரும் செய்வதில்லை. மூன்றாம் நிலையின் ஐம்பதாண்டு வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால், பழுதுகளில் பெரும்பாலானவை கோட்டைப் பிடிப்பதில் வரவில்லை, விடும் நேரத்தில் வந்திருக்கின்றன. இந்தத் தொல்லையைத் தவிர்க்க முடிந்த சில்லுக்குள்ளே மூன்று நிலைச் சுற்றுகள் கைவிடப்பட்டன, காலுக்குக் காசாகும் சில்லுக்கு வெளியே அதே தொல்லையோடு இன்றும் நிலைத்திருக்கின்றன என்பது என் வாதம்.

டிடிஎல் வகைச் சில்லின் சாதாரண கேட்டின் வெளியீட்டில் இரண்டு டிரான்சிஸ்டர்கள் ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கின்றன. மேலுள்ளது கோட்டை 5 வோல்ட் பக்கம் இழுக்கும், கீழுள்ளது தரைக்கு இழுக்கும். இரண்டில் ஒன்று எப்போதும் இழுத்துக்கொண்டிருப்பதால் இப்படிப்பட்ட இரு கேட்டுகளின் வெளியீடுகளை ஒரே கம்பியில் சேர்க்க முடியாது. முதலில் கண்ட தீர்வு மேல் டிரான்சிஸ்டரையே எடுத்துவிடுவது. ஓப்பன் கலெக்டர் என்ற அந்த முறையில் தரைக்கு இழுப்பதைச் சில்லு செய்யும், மேலே தூக்குவதை வெளியிலுள்ள ஒரு ரெசிஸ்டர் பார்த்துக்கொள்ளும். எத்தனை பேர் சேர்ந்தாலும் மோதல் இல்லை. டெக் நிறுவனம் 1970-ல் பிடிபி-11 கணினிக்கு அமைத்த யூனிபஸ் இந்த வகைதான். குறை வேகத்தில் இருக்கிறது. 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் 100 பிகோஃபாரட் கோட்டைத் தூக்கும் நேர மாறிலியே 100 நானோ நொடி.

ஏறத்தாழ அதே காலத்தில் நேஷனல் செமிகண்டக்டர் மேல் டிரான்சிஸ்டரைத் திரும்ப வைத்து, இரண்டையும் ஒரே சமயத்தில் அணைக்கும் வழியைச் சேர்த்தது. ட்ரை-ஸ்டேட் என்ற சொல்லை அது வணிகப் பெயராகப் பதிவு செய்துகொண்டதால், மற்ற நிறுவனங்களின் டேட்டா ஷீட்டுகளில் ‘3-ஸ்டேட்’ என்றுதான் இருக்கும். 2011-ல் அந்த நிறுவனத்தையே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வாங்கிவிட்டது.

வந்த சில்லுகளின் பட்டியலை ஒப்பிக்கத் தேவையில்லை. இரண்டு பிரிவுகளைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று, எனேபிள் எந்த நிலையில் திறக்கிறது என்பது. 74125-ல் எனேபிள் 0 ஆனால் திறக்கும், 74126-ல் 1 ஆனால் திறக்கும். நடைமுறையில் 0-ல் திறப்பவையே பரவின. 74138 டிகோடரின் 8 வெளியீடுகளில் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் 0 ஆகும். அந்த எட்டையும் எட்டு பஃபர்களின் எனேபிளுக்குக் கொடுத்தால் ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேசுவார் என்பது கம்பியிலேயே உறுதியாகிவிடுகிறது. இன்னொரு பலனும் உண்டு. கழன்றுபோன டிடிஎல் உள்ளீடு 1 என்றே படிக்கப்படுவதால், எனேபிள் கம்பி அறுந்தால் பஃபர் மூடிக்கொள்ளும், கோட்டைக் கெடுக்காது. இதை நம்பிச் சுற்று அமைக்கக் கூடாது, ஆனால் பழுது பார்க்கும்போது உதவும்.

இரண்டாவது பிரிவு பஃபரா இன்வெர்ட்டரா என்பது. 74240 எட்டு இன்வெர்ட்டர்கள், 74244 எட்டு பஃபர்கள். இன்டெல்லும் 8216-க்கு 8226, 8286-க்கு 8287 என்று தலைகீழ் ஜோடிகளைத் தந்தது. தலைகீழாக்கும் சில்லை ஒருவர் ஏன் விரும்ப வேண்டும்? டிரான்சிஸ்டர் பெருக்கி இயல்பாகவே தலைகீழாக்கும். நேராகத் தர இன்னொரு கட்டம் வேண்டும், அதற்கு நேரமும் வேண்டும். டிடிஎல்லின் எல்எஸ் வகையில் 240-ன் வெளியீடு 1-க்கு ஏற அதிகபட்சம் 14 நானோ நொடி, 244-ல் 18. நான்கு நானோ நொடிக்குக் கணக்குப் பார்த்த காலம் அது. தலைகீழான பஸ்ஸில் ரேம் வைத்தால் பிரச்சினையே இல்லை. எழுதும்போது ஒரு தடவை, படிக்கும்போது ஒரு தடவை என்று இரு முறை புரண்டு நேராகிவிடும். உள்ளே எல்லா பிட்டும் எதிராக இருப்பது யாருக்கும் தெரியாது. எப்ராம் அப்படியல்ல. அதில் நிரல் வெளியிலிருந்து எழுதப்படுவதால் ஒவ்வொரு பைட்டையும் புரட்டித்தான் எரிக்க வேண்டும். 8255 போன்ற துணைச் சில்லுக்கும் கட்டளைச் சொல்லைப் புரட்டியே அனுப்ப வேண்டும். இதை மறந்தவருக்குச் சுற்று முழுவதும் சரியாக இருந்தும் எதுவும் ஓடாது. இன்று புதிதாகச் செய்பவர் நேரான 244-ஐ எடுப்பதே நல்லது என்பேன்.

பஃபர் என்ற பெயரின் மற்றப் பாதியான சுமை தாங்கும் வலுவைக் கணக்கிட்டுக் காட்டிவிடலாம். ஒரு பஸ்ஸில் பேசுபவர் ஒருவர், விட்டுவிட்டு நிற்பவர்கள் 30 பேர், கேட்கும் எல்எஸ் உள்ளீடுகள் 30 என்று வைத்துக்கொள்வோம். விட்டுவிட்ட வெளியீடும் முழுதாக விடுவதில்லை, 20 மைக்ரோஆம்பியர் வரை கசியும். கோடு 1-ல் இருக்கும்போது கசிவு 0.6 மில்லிஆம்பியர், உள்ளீடுகள் கேட்பது 0.6, ஆக மொத்தம் 1.2. கோடு 0-ல் இருக்கும்போது உள்ளீடு ஒன்றுக்கு 0.4 வீதம் 12 மில்லிஆம்பியர், கசிவோடு 12.6. சாதாரண எல்எஸ் கேட் 1-ல் 0.4 மில்லிஆம்பியரும் 0-ல் 8 மில்லிஆம்பியரும்தான் தாங்கும், இந்தச் சுமையில் இரண்டு பக்கமும் தோற்கும். 244-ஓ 2.4 வோல்ட்டில் 3 மில்லிஆம்பியர் தரும், 0-ல் 24 மில்லிஆம்பியர் விழுங்கும். கூடவே கெபாசிட்டன்ஸையும் பார்க்க வேண்டும். டேட்டா ஷீட்டின் 18 நானோ நொடி 45 பிகோஃபாரட் சுமையில் அளந்தது. முப்பது பேர் தொங்கும் கோடு அதைப் போலப் பல மடங்கு. இதைவிட நுட்பமான ஒன்று: விடும் நேரத்தை 5 பிகோஃபாரட் சுமையில்தான் அளந்திருக்கிறார்கள். சில்லு பிடியை விட்டாலும் பெரிய கோட்டில் பழைய மின்னழுத்தம் அங்கேயே தங்கியிருக்கும்.

இனி மோதல். இரண்டு பஃபர்கள் ஒரே கோட்டில் திறந்து, ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் இழுத்தால் என்ன ஆகும்? 244-ன் வெளியீட்டைத் தரையோடு சேர்த்தால் 40 முதல் 225 மில்லிஆம்பியர் வரை ஓடும் என்கிறது டேட்டா ஷீட். ஒரு நேரத்தில் ஒரு வெளியீட்டுக்கு மேல் கூடாது, ஒரு நொடிக்கு மேல் கூடாது என்ற எச்சரிக்கையும் அதிலேயே உண்டு. நிரந்தர மோதல் பெரிய தலைவலி இல்லை. ஐசி சுடும், விரலே கண்டுபிடித்துவிடும். பத்துப் பத்து நானோ நொடியாக, ஒவ்வொரு சுழற்சியிலும் வந்து போகும் மோதல்தான் ஆளை அலைக்கழிக்கும். அது தரைக் கோட்டைத் துள்ள வைக்கும். பக்கத்திலிருக்கும் கவுன்டர் காரணமில்லாமல் ஓர் எண் தாண்டும். 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை ஐசிக்கு ஐசி சேர்த்தால் அடங்குவதுபோல் இருக்கும், காரணம் மட்டும் அப்படியே இருக்கும்.

8085-லேயே பார்ப்போம். 320 நானோ நொடிக் கடிகாரத்தில், படிக்கும் சைகை முடிந்து மேலே ஏறியபின் குறைந்தது 150 நானோ நொடி கழித்துத்தான் 8085 அடுத்த முகவரியை அந்தக் கால்களில் போடும். அதற்குள் நினைவகம் விட்டுவிட வேண்டும். பழைய 2716 எப்ராம் விடுவதற்கு அதிகபட்சம் 100 நானோ நொடி எடுக்கும். 50 மிச்சம், கவலையில்லை.

இப்போது இரண்டுக்கும் நடுவே 74245 என்ற இருவழி பஃபரை வைக்கிறோம். மாணவர் வழக்கமாகச் செய்வது என்ன? எனேபிளைத் தரையில் கட்டி எப்போதும் திறந்து வைத்துவிட்டு, திசைக் காலை மட்டும் படிக்கும் சைகையில் இணைத்துவிடுவார். படிக்கும்போது நினைவகத்திலிருந்து செயலிக்கு, மற்ற நேரமெல்லாம் செயலியிலிருந்து நினைவகத்துக்கு. காகிதத்தில் குறையே இல்லை. படிக்கும் சைகை மேலே ஏறும் கணத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். திசை புரள்கிறது. எல்எஸ்245 அதிகபட்சம் 40 நானோ நொடியில் நினைவகப் பக்கத்தைப் பிடித்துவிடும். நினைவகமோ 100 வரை விடாது. இடையில் 60 நானோ நொடி இருவரும் பிடித்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் செயலிப் பக்கத்துக் கோடுகளை யாரும் பிடிக்கவில்லை. பிடிக்காத டிடிஎல் உள்ளீடு 1 என்று படிக்கப்படும். ஆகவே 245 நினைவகப் பக்கம் எட்டுக் கோட்டிலும் 1-ஐத் தள்ளும். நினைவகம் 0 வைத்திருக்கும் ஒவ்வொரு பிட்டிலும் மோதல். படித்த பைட்டில் 0 அதிகமாக இருந்தால் மோதலும் அதிகம் என்பதால், சில தரவுக்கு மட்டும் வந்து மற்றவற்றுக்கு வராத பழுதாக இது தோன்றும். தீர்வு எளிது. படிக்கும் சைகையோ எழுதும் சைகையோ 0-ல் இருக்கும்போது மட்டும் 245 திறக்கும்படி ஒரு அண்ட் கேட்டை எனேபிளில் வைத்துவிட்டால், இரண்டும் 1-ல் இருக்கும் இடைவெளியில் 245 யாரையும் பிடிக்காது.

முதலில் விடு, பிறகு பிடி என்பதே விதி. பல சில்லுகளில் விடும் நேரம் பிடிக்கும் நேரத்தைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும்படி வடிவமைத்திருப்பார்கள். அது ஒரே வகைச் சில்லுகளுக்குள் மட்டும் பொருந்தும். மெதுவான நினைவகமும் வேகமான பஃபரும் சேர்ந்தால் அந்தக் காப்பு இல்லை. டிகோடரும் முகவரி மாறும் கணத்தில் ஓரிரு தவறான வெளியீட்டைத் துள்ளவிடும். அதனால் டிகோடர் வெளியீட்டைப் படிக்கும் சைகையோடு சேர்த்தே பஃபருக்குக் கொடுக்க வேண்டும்.

மோதலுக்கு நேர் எதிர், யாருமே பிடிக்காத கோடு. 8085-ன் ஹோல்டு காலை 1 ஆக்கினால், அது முகவரி, டேட்டா, படி, எழுது எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பதில் சைகை தரும்; 8257 டிஎம்ஏ சில்லு பஸ்ஸை எடுத்துக்கொள்ளும். கைமாறும் அந்தச் சிறு நேரத்தில் எழுதும் கோடு மிதந்து 0 பக்கம் சாய்ந்தால் நினைவகத்தில் குப்பை விழும். அதற்காகத்தான் கட்டுப்பாட்டுக் கோடுகளில் புல்-அப் ரெசிஸ்டர். டிடிஎல்லில் கீழே இழுக்கும் ரெசிஸ்டர் ஏன் வழக்கமில்லை என்பதற்கும் கணக்கு உண்டு. எல்எஸ் உள்ளீடு 0.4 மில்லிஆம்பியரை வெளியே தள்ளும். 10 கிலோ ஓம் வழியாகத் தரைக்குப் போனால் ஓமின் விதிப்படி 4 வோல்ட், அதாவது 0 கிடைக்கவே கிடைக்காது. 1 கிலோ ஓமுக்குக் கீழே வர வேண்டும், அப்போது மின்சாரம் வீண்.

சிமாஸ் சில்லுகளில் மிதக்கும் கோடு இன்னும் தொல்லை. உள்ளீடு நடுவில் நின்றால் மேல், கீழ் டிரான்சிஸ்டர்கள் இரண்டும் பாதி திறந்து மின்சாரத்தைக் குடிக்கும். புதுச்சேரி போன்ற கடலோர ஊரில் கூடுதலாக ஒன்று: உப்புக் காற்றின் ஈரம் பலகையில் படிந்தால் அடுத்தடுத்த தடங்களுக்கு இடையே மெகா ஓம் அளவில் கசிவுப் பாதை உருவாகும். யாரும் பிடிக்காத சிமாஸ் கோட்டை நகர்த்த அந்தக் கசிவே போதும். 5 வோல்ட்டிலிருந்து 10 மெகா ஓம் என்றால் அரை மைக்ரோஆம்பியர்தான், ஆனால் எதிர்க்க யாரும் இல்லாத இடத்தில் அதுதான் முடிவு செய்யும். கோட்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் வைத்துவிட்டால் இந்தக் கசிவு ஒரு பொருட்டே இல்லை. மழைக்காலத்தில் மட்டும் தடுமாறும் பலகை கையில் வந்தால், நிரலைக் குடையுமுன் மிதக்கும் கோடு இருக்கிறதா என்று பார்ப்பது உத்தமம்.

ஆய்வகத்தில் இசட்டைக் காட்டும் முறையையும் இங்கே குறை சொல்ல வேண்டும். வெளியீட்டில் ஒரு எல்இடியைத் தரைக்கு இணைத்துப் பார்த்தால் 0-க்கும் அணைந்திருக்கும், இசட்டுக்கும் அணைந்திருக்கும். பதிவேட்டில் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. மாணவர் சிமாஸ் பஃபரின் வெளியீட்டை 10 கிலோ ஓம் வழியாக ஒரு முறை 5 வோல்ட்டுக்கும் மறுமுறை தரைக்கும் இழுத்து மல்ட்டிமீட்டரில் பார்க்கட்டும். இரு முறையும் இழுத்த பக்கம் போனால்தான் அது இசட்.

சுற்றுகளை விவரிக்கும் கணினி மொழிகள் இந்த வேறுபாட்டைப் பாடநூலைவிடத் தெளிவாகப் பிடித்துக்கொண்டன. 1993-ல் ஐட்ரிபிள்இ 1164 தரம் விஎச்டிஎல்லுக்கு ஒன்பது மதிப்புகளைத் தந்தது. அதில் இசட் 0-உடனோ 1-உடனோ சேர்ந்தால் மற்றதுதான் ஜெயிக்கும், 0-ம் 1-ம் சேர்ந்தால் எக்ஸ், அதாவது தெரியாத மதிப்பு. வெரிலாக்கில் மூன்று நிலை பஃபருக்கு பஃப்இஃப்0, பஃப்இஃப்1 என்றும் இன்வெர்ட்டருக்கு நாட்இஃப்0, நாட்இஃப்1 என்றும் மொழியிலேயே உறுப்புகள் உண்டு. 1980-களின் நடுவில் அந்த மொழி உருவான கேட்வே நிறுவனத்தை நடத்தியவர் ஐஐடி கான்பூரில் படித்த பிரபு கோயல். அதற்கு முன், 1981-ல், சில்லுகளைச் சோதிக்கத் தேவையான உள்ளீடுகளைக் கண்டுபிடிக்கும் போடெம் என்ற வழிமுறையை வெளியிட்டவரும் அவர்தான். மூன்று நிலை பஸ் சில்லுக்குள் மதிப்பிழந்ததற்குச் சோதனையே முதல் காரணம் என்பதால் இங்கே அவர் பெயர் பொருந்துகிறது.

சோதனை முறைகள் சில்லுக்குள் இருக்கும் ஃப்ளிப்-ஃப்ளாப்களில் ஏதோ ஒரு பிட் வரிசையைத் திணிக்கும். அந்த வரிசை இரண்டு எனேபிள்களை ஒன்றாகத் திறந்துவிட்டால், சோதிப்பதே சில்லைச் சுட்டுவிடும். மின்சாரம் வந்து ரீசெட் முடியும் வரை எனேபிள்கள் எந்த நிலையில் இருக்கும் என்பதற்கும் உறுதி இல்லை. மல்டிப்ளெக்சரில் இந்தக் கவலை கிடையாது. அது எந்த நேரமும் ஒன்றைத் தேர்ந்தே இருக்கும். டிரான்சிஸ்டர் விலை விழுந்தபின் மல்டிப்ளெக்சருக்கு ஆகும் கூடுதல் இடமும் பொருட்டில்லை. ஆர்ம் நிறுவனத்தின் ஆம்பா தரத்தில் பழைய ஏஎஸ்பி இருவழி மூன்று நிலை பஸ். 1999-ல் வந்த ஏஹெச்பி அதைக் கைவிட்டது. சைலிங்க்ஸின் விர்டெக்ஸ், ஸ்பார்ட்டன்-2 எஃப்பிஜிஏக்களுக்குள் மூன்று நிலை பஃபர்கள் இருந்தன, 2003-ன் ஸ்பார்ட்டன்-3-ல் எடுத்துவிட்டார்கள். சென்னை ஐஐடியின் சக்தி செயலிகள் — 2018-ல் இன்டெல்லின் 22 நானோமீட்டரிலும் பிறகு சண்டிகர் எஸ்சிஎல் ஆலையின் 180 நானோமீட்டரிலும் உருவானவை — உள்ளே ஆம்பாவின் ஏஎக்ஸ்ஐ4 வழியைப் பயன்படுத்துகின்றன. படிக்க ஒரு வழி, எழுத ஒரு வழி, யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. சில்லுக்குள் மிஞ்சியது மூன்று நிலை இன்வெர்ட்டரின் சின்ன வடிவம். மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு டிரான்சிஸ்டர்கள் அடுக்கிய அதை 1973-ல் தோஷிபாவின் சுசுகி குழு கால்குலேட்டருக்காகக் கடிகாரத்தோடு இணைத்துக் காட்டியது. லேட்ச்களில் இன்றும் இருக்கிறது. அங்கே பேசுபவர் இருவர்தான், ஒரே கடிகாரத்தின் இரு பாதிகள் அவர்களைப் பிரிக்கின்றன.

சில்லுக்கு வெளியே நிலைமை வேறு, அங்கே காலுக்குக் காசு. புதுச்சேரியை ஒட்டிய ஆரோவில்லில் 1980-களில் ஆரெலெக் நிறுவனம் கணினி செய்து விற்றது. பின்னர் வரிச்சலுகையை ஒட்டி எச்சிஎல், விப்ரோ, ஏசர், லெனோவோ என்று பலரும் புதுச்சேரியில் கணினி கோர்த்தார்கள். 2024-ல் லெனோவோ தன் புதுச்சேரி ஆலையில் ஆண்டுக்கு 50,000 ஏஐ சர்வர்கள் செய்யப்போவதாக அறிவித்தது. 1981-ன் ஐபிஎம் பிசி பலகையில் 244, 245, 373 என்று தனித்தனியாக நின்ற சில்லுகள் இன்றைய பலகைகளில் கண்ணுக்குத் தெரியாது, செயலிக்குள்ளும் நினைவகத்துக்குள்ளும் போய்விட்டன. ஆனால் டிடிஆர் நினைவகத்தின் டேட்டா கோடு இன்றும் இருவழிதான். படிப்பிலிருந்து எழுத்துக்கு மாறும்போது கைமாற்ற இடைவெளி இன்றும் உண்டு. 1992-ல் வந்த பிசிஐ பஸ் இதையே எழுத்துபூர்வமான விதியாக்கியது. சில கட்டுப்பாட்டுக் கோடுகளை விடுவதற்கு முன் ஒரு கடிகாரம் முழுக்க 1-க்கு ஏற்றிவிட்டுத்தான் விட வேண்டும். பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்ததும் பகிர்ந்த கோடே ஒழிந்தது. வேகம் கூடும்போது பகிர்வு பெரும்பாலும் தோற்கிறது.

வேகம் தேவைப்படாத இடத்தில் பழைய ஓப்பன் கலெக்டரே திரும்ப வருகிறது. பிலிப்ஸ் 1982-ல் தந்த ஐ-ஸ்கொயர்-சி அப்படி. மோதினாலும் சேதமில்லை என்பதைப் பயன்படுத்தி, மோதலை வைத்தே யார் பேசுவது என்று முடிவு செய்கிறது. பள்ளி மாணவர்கூடக் கையாளும் ஆர்டுயினோவில் காலை இன்புட் என்று அறிவித்தாலே அது இசட். அதை வைத்து 5 காலில் 20 எல்இடி எரிக்கும் சார்லிப்ளெக்சிங் வித்தையும் நடக்கிறது.

தொழிற்பேட்டைகளில் மூன்றாம் நிலை தினமும் உழைப்பது ஆர்எஸ்-485 கம்பியில். 1983-ன் இந்தத் தரம் ஒரே ஜோடிக் கம்பியில் 32 அலகுச் சுமையை ஏறத்தாழ 1,200 மீட்டர் வரை அனுமதிக்கிறது. எரிசக்தி மீட்டர், டிரைவ், பிஎல்சி என்று எல்லாம் மோட்பஸ் பேசுவது இதன் மேல். ஒவ்வொன்றிலும் டிரைவர் எனேபிள் என்று ஒரு கால், அதைத் திறந்து மூடுவது மென்பொருள். புதுச்சேரியின் சேதராப்பட்டிலோ மேட்டுப்பாளையத்திலோ வேலைக்குச் சேரும் பட்டயதாரி முதலில் சந்திக்கக்கூடிய மூன்று நிலை பஃபர் 244-ஆக இருக்காது, இதுவாகத்தான் இருக்கும். வழக்கமான பழுதும் விடும் நேரம்தான். சீரியல் போர்ட்டின் பஃபர் காலியானது என்ற கொடியைப் பார்த்து எனேபிளை மூடுகிறார்கள். அப்போது கடைசி பைட் இன்னும் ஷிஃப்ட் ரெஜிஸ்டரில் நகர்ந்துகொண்டிருக்கிறது. மோட்பஸில் கடைசி இரண்டு பைட் பிழை சரிபார்க்கும் சிஆர்சி என்பதால் மறுமுனை செய்தியைப் பிழை என்று ஒதுக்கிவிட்டு மௌனமாகிவிடும். பார்க்க வேண்டியது அனுப்புதல் முழுதும் முடிந்தது என்ற இன்னொரு கொடியை. அதற்காகத் தாமதித்துக்கொண்டே இருக்கவும் முடியாது. 9,600 பாட் வேகத்தில் 11 பிட் எழுத்துக்கு 1.15 மில்லிநொடி, மூன்றரை எழுத்து மௌனத்துக்குப் பின், அதாவது சுமார் 4 மில்லிநொடியில், எதிர்முனை பதில் சொல்லத் தொடங்கலாம். 19,200-ஐத் தாண்டினால் அந்த மௌனத்தை 1.75 மில்லிநொடி என்றே நிலையாக வைத்துக்கொள்ளச் சொல்கிறது மோட்பஸ் விவரக்குறிப்பு. கடைசி ஸ்டாப் பிட்டுக்குப் பின், இந்த இடைவெளி முடிவதற்கு முன், எனேபிள் மூடியிருக்க வேண்டும்.